எடையும் குறையணும், எலும்பும் நிக்கணும்: 60-க்கு மேல் டயட் இருப்பவர்களின் கால்சியம் கேள்விகள்

சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று ஏதோ ஒன்றுக்காக டாக்டர் "எடையைக் குறைங்க" என்று சொல்லிவிடுகிறார். வீட்டுக்குப் போன கையோடு நம்மவர்கள் முதலில் நிறுத்துவது பாலையும் தயிரையும்தான். சோறு அப்படியே இருக்கும், காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் அப்படியே இருக்கும். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் இதை ஒட்டித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் தந்திருக்கிறேன். கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் கல் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதுக்கு வாருங்கள்.

வயசு 60 தாண்டிடுச்சு. இனிமே எலும்பு வளரப் போறதில்ல, அப்புறம் எதுக்கு கால்சியம்?

வளராதுதான், ஆனால் எலும்பு சும்மா இருப்பதில்லை. கடைசி வரைக்கும் பழைய எலும்பு கரைந்துகொண்டும் புது எலும்பு கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். 30 வயது வாக்கில் அடர்த்தி உச்சத்தைத் தொடும், பிறகு போகப்போகக் கரைவது கட்டுவதை முந்திவிடும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சமயத்திலும் அதற்கடுத்த சில வருடங்களிலும் இந்த இழப்பு வேகமாக நடக்கும். ஆண்களுக்கு மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

உடம்பிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம்தான் இதயம் துடிக்க, தசை சுருங்கி விரிய, ரத்தம் உறைய. அந்த ஒரு சதவீதத்தில் குறை வர உடம்பு விடாது. சாப்பாட்டில் வரவில்லையென்றால் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்? நம்பரா சொல்லுங்க.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் 1200. அதற்கு முந்தைய 2010 பட்டியலில் பெரியவர்களுக்கு 600 என்றுதான் இருந்தது, அதனால் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 700 போதும் என்கிறார்கள். ஆகவே 1150 வந்த நாளில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாளுக்கு 400, 500 என்று மாதக்கணக்கில் போனால் அது பிரச்சினை.

மனதில் வைக்க ஒரு கணக்கு போதும்: பாலோ கெட்டித் தயிரோ 100 மில்லி என்றால் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம்.

டயட்டுன்னா முதல்ல பாலைத்தானே நிறுத்தணும்? அதுலதானே கொழுப்பு இருக்கு?

பாலில் கொழுப்பு வேறு, கால்சியம் வேறு. கால்சியம் இருப்பது கொழுப்பு நீங்கிய பகுதியில், புரதத்தோடு சேர்ந்து. கொழுப்பை எடுத்துவிட்டாலும் அது பாலிலேயே தங்கிவிடும். அதே காரணத்தால்தான் வெண்ணெயிலும் நெய்யிலும் கால்சியம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, நீல பாக்கெட் 3 சதவீதம். எந்த நிறுவனமானாலும் டபுள் டோன்டு என்று போட்டிருந்தால் 1.5 சதவீதம். 200 மில்லி டம்ளருக்குக் கணக்குப் போட்டால் ஆரஞ்சில் சுமார் 180 கலோரி, நீலத்தில் 120, டபுள் டோன்டில் 95. கால்சியமோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாக்கெட்டை மாற்றினாலே கலோரி பாதியாகிவிடுகிறது, பாலை ஏன் நிறுத்த வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மூன்று காபி, காபிக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 120 கலோரி. அது ஒரு டம்ளர் நீல பாக்கெட் பாலுக்குச் சமம். நிறுத்துவதாக இருந்தால் அதை நிறுத்துங்கள்.

டபுள் டோன்டு தண்ணியா இருக்கு, பிடிக்கல. ஆடையை எடுத்துட்டா போதாதா?

போதும். காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே கெட்டியாக ஆடை நிற்கும், ஸ்பூனால் வழித்து எடுத்துவிடுங்கள். கொழுப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எடுத்த ஆடையைச் சேர்த்து வைத்து வெண்ணெய் கடைந்து அதை நீங்களே சாப்பிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கொழுப்பு குறைந்த பால் சப்பென்று இருக்கிறது என்பவர்கள் ஒரு டேபிள்ஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலந்து பாருங்கள். கெட்டியாகும், கூடவே 100 மில்லிகிராம் கால்சியம், 30 கலோரிக்குள்தான். தயிர் உறை ஊற்றும்போது கலந்தாலும் கத்தியால் வெட்டுகிற மாதிரி தயிர் விழும். கடையில் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபிக்கென்று விற்கும் டெய்ரி ஒயிட்னரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அது வேறு சரக்கு.

நான் தினமும் மூணு டம்ளர் மோர் குடிக்கிறேன். அது போதாதா?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோர் எப்படிக் கலக்குகிறீர்கள்? ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால், 200 மில்லி டம்ளரில் தயிர் வெறும் 50 மில்லி. அதாவது 60 மில்லிகிராம் கால்சியம். மூன்று டம்ளர் குடித்தாலும் 180-தான், ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் தருவது அது. வெயிலுக்கு நீர்மோர் அருமையான விஷயம், நானும் குடிப்பேன். ஆனால் அதைக் கால்சியம் கணக்கில் எழுதுவதாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், உப்பையும் குறையுங்கள்.

டீக்கடை டீக்கும் இதே கதைதான். அந்தக் கண்ணாடி கிளாஸில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

பால் குடிச்சா வயிறு உப்பிக்குது, சில நாள் பேதியே ஆகுது. நான் என்ன பண்றது?

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயதாக ஆகப் பலருக்கும் குறைந்துவிடும். தென்னிந்தியர்களிடம் இது சகஜம். நோய் என்று பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் பாலை அடியோடு விட வேண்டிய கட்டாயமும் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

முதலில் தயிருக்கு மாறிப் பாருங்கள். உறை ஊறும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடும், மீதியைச் செரிக்கவும் அவை கை கொடுக்கும். பாலே வேண்டும் என்றால் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளராகக் குடிக்காமல், அரை டம்ளராக, சாப்பாட்டோடு. பன்னீரில் லாக்டோஸ் இன்னும் குறைவு. லாக்டோஸ் நீக்கிய பாலும் இப்போது கிடைக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வயிறு படுத்தினால், அல்லது மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை இறக்கம் என்று கூட ஏதாவது இருந்தால், பாலைத் திட்டிக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

சுகர் இருக்கு. பால் குடிக்கலாமா? கேழ்வரகுக் கஞ்சி குடிக்கலாமா?

200 மில்லி பாலில் மாவுச்சத்து சுமார் 10 கிராம், ஒரு இட்லியில் இருப்பதைப் போல. சர்க்கரை போடாமல் குடித்தால் எளிதாகக் கணக்கில் அடங்கிவிடும். தயிருக்கும் அப்படியே.

கேழ்வரகு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், எந்தத் தானியமும் பக்கத்தில் வர முடியாது. அதில் சந்தேகமில்லை. ஆனால் சலித்த மாவை நீர்க்கக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சடசடவென்று ஏறும், "சிறுதானியம்தானே" என்று இரண்டு டம்ளர் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடையாகவோ களியாகவோ, முருங்கைக்கீரை வெங்காயம் போட்டு, பக்கத்தில் பருப்போ தயிரோ வைத்துச் சாப்பிடுங்கள். 40 கிராம் மாவுக்கு 140 மில்லிகிராம் கால்சியம், 130 கலோரி. முளைகட்டி அரைத்த மாவாக இருந்தால் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறைந்திருக்கும். பாலில் இருந்து சேரும் அளவுக்குக் கேழ்வரகில் இருந்து சேராது, அதனால் இரண்டும் வேண்டும்.

பாலே வேண்டாம், கீரையிலயே எல்லாம் இருக்குன்னு சொல்றாங்களே?

எந்தக் கீரை என்பதுதான் கேள்வி. பாலக்கில் கால்சியம் இருக்கிறது, ஆனால் கூடவே ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பாலில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உடம்பில் சேரும் என்றால் பாலக்கில் இருந்து சேர்வது 5 சதவீதம்தான். முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். இரும்பு, நார்ச்சத்து எல்லாம் கிடைக்கும், சாப்பிடுங்கள், ஆனால் கால்சியத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

முருங்கைக்கீரை பரவாயில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் 100 கிராம் உருவிய முருங்கைக்கீரை எவ்வளவு என்று யாராவது எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பெரிய பாத்திரம் நிறைய வரும், வதக்கினால் ஒரு பிடியாகச் சுருங்கும். ஒருவர் தட்டில் 50 கிராமுக்கு மேல் விழாது. கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும். புத்தகத்தில் எண் பிரமாதமாக இருக்கும், குழம்பில் விழுவதோ பத்து இலை, அதையும் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவோம்.

உண்மையிலேயே கை கொடுக்கிற ஒன்று எள். கறுப்பு எள்ளை வறுத்துப் பொடி செய்து வைத்துக்கொண்டால் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 100 மில்லிகிராம், 50 கலோரி. முழு எள்ளாக விழுங்கினால் பாதி அப்படியே வெளியே போய்விடும், பொடிதான் நல்லது. எள்ளுருண்டை வேண்டாம், அதில் பாதி வெல்லம். கொள்ளும் மோசமில்லை, 100 கிராமில் 270 வாக்கில் இருக்கும், ரசமாக வைப்பதை விடச் சுண்டலாகச் சாப்பிட்டால் முழுசாகக் கிடைக்கும்.

நாங்க அசைவம். வாரம் ரெண்டு தடவை ஆட்டுக்கால் சூப். எலும்புக்கு எலும்புதானே மருந்து?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பிலிருந்து தண்ணீரில் இறங்குகிற கால்சியம் மிகக் குறைவு. இறங்குவது ஜெலட்டினும் கொழுப்பும் ருசியும். ஒரு கிண்ணம் சூப்பில் இருக்கிற கால்சியம் இரண்டு வாய்ப் பாலில் இருக்கும். பிடித்திருந்தால் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் குடியுங்கள், மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

எலும்பைக் கடித்துத் தின்ன முடிந்தால்தான் கால்சியம். அதற்கு நெத்திலி இருக்கிறது. தலையை மட்டும் கிள்ளிவிட்டு முள்ளோடு சாப்பிடுகிற மீன். மத்தியை, சில ஊரில் சாளை என்பார்கள், புளி ஊற்றிக் குக்கரில் நான்கைந்து விசில் விட்டால் நடுமுள்ளே மெத்தென்று ஆகிவிடும், அப்படியே மென்று விழுங்கலாம். வஞ்சிரத் துண்டில் முள்ளை எடுத்துப் போட்டுவிடுவதால் கால்சியம் அதிகம் வராது. கருவாடு வேண்டாம், காரணம் உப்பு, கீழே காபி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். முட்டையில் கால்சியம் எல்லாம் ஓட்டில்தான், உள்ளே 25 மில்லிகிராம்தான் தேறும்.

நான் பேலியோ. நெய், வெண்ணெய், பன்னீர், தினம் 100 பாதாம். எனக்குக் கால்சியம் நிறைய வருமே?

பேலியோ என்பது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை அதிகம் சேர்க்கிற டயட். அதில் நெய், வெண்ணெய் கணக்கில் சேராது, மேலே சொன்னதுதான். பன்னீர் சேரும்: 100 கிராமில் 400-க்கு மேல். 100 பாதாம் என்பது கிட்டத்தட்ட 120 கிராம், அதில் 270 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். ஆனால் 700 கலோரியும் இருக்கிறது, பாதாமிலும் ஆக்சலேட் உண்டு, ஆகவே முழுசும் உடம்பில் சேராது. அதே கால்சியத்தை ஒரு டம்ளருக்குச் சற்று அதிகமான டபுள் டோன்டு பால் 110 கலோரியில் தந்துவிடும்.

60 வயதுக்கு மேல், அதுவும் சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், இந்த மாதிரிப் பெரிய மாற்றத்தை டாக்டருக்குச் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். விழுந்தால் உடைவது இடுப்பு எலும்பு.

எனக்கு 1400 கலோரிதான் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள 1200 மில்லிகிராமா? நடக்கிற காரியமா?

நடக்கும். ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். காலையில் சர்க்கரை இல்லாத காபி, அதில் 100 மில்லி நீல பாக்கெட் பால்: 120. டிபனுக்கு 40 கிராம் மாவில் கேழ்வரகு அடை: 140. மதியம் சோற்றோடு 150 மில்லி கெட்டித் தயிர்: 180. முருங்கைக்கீரைப் பொரியல் 50 கிராம் கீரையில்: 150. அதே சாப்பாட்டில் முதல் கவளத்துக்கு எள்ளுப்பொடி ஒரு டேபிள்ஸ்பூன்: 100. சாயங்காலம் 200 மில்லி டபுள் டோன்டு பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் பால் பவுடர்: 340. ராத்திரிச் சப்பாத்திக்கு 40 கிராம் பன்னீர் போட்டுக் கூட்டு: 170 வாக்கில். கூட்டினால் 1200.

இத்தனைக்கும் சேர்த்துக் கலோரி 650-ஐ ஒட்டித்தான் வரும். மீதி 750 கலோரியில் கொஞ்சம் சோறு, இரண்டு சப்பாத்தி, பருப்பு, காய், ஒரு பழம், எண்ணெய் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள், கண் மதிப்பில் ஊற்றினால் இந்தக் கணக்கு முழுக்க வீண். கீரையும் பன்னீரும் தினமும் முடியாது என்றால் நெத்திலி, கொள்ளு, இன்னொரு கிண்ணம் தயிர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பாதாம் பால், சோயா பால், தேங்காய்ப்பால்?

கால்சியம் தனியாகச் சேர்த்தது என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் பாலுக்குப் பதிலாக எடுக்கலாம். சேர்த்த கால்சியம் அடியில் படியும், குலுக்கி ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலில் கலோரிதான் இருக்கிறது.

வெத்தலைக்கு தினமும் சுண்ணாம்பு தடவுறேன். அது கால்சியம் இல்லையா?

கால்சியம்தான். ஆனால் எவ்வளவு தடவுகிறோம், எவ்வளவு துப்புகிறோம், எவ்வளவு உள்ளே போகிறது என்று அளவே இல்லாத ஒன்று. சுண்ணாம்பு அதிகமாகப் போய் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் கூட வருகிற பாக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்துவிட்டது. கால்சியத்துக்காக என்று சமாதானம் சொல்லி அதைத் தொடர வேண்டாம்.

இதையொட்டி வருகிற இன்னொரு கேள்வி போர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் கால்சியம் உண்டு, கொஞ்சம் உடம்புக்கும் சேரும். ஆனால் ஊருக்கு ஊர் அளவு மாறும், சில இடங்களில் ஃப்ளோரைடும் சேர்ந்தே வரும், ஆர்.ஓ. போட்டுவிட்டால் எல்லாமே போய்விடும். கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் சரி.

காபி குடிச்சா எலும்பு கரையுமாமே?

ஒரு காபியால் சிறுநீரில் கூடுதலாகப் போகும் கால்சியம் சில மில்லிகிராம்தான். நம் காபியில் ஊற்றுகிற பாலே அதைப் போலப் பல மடங்கு தந்துவிடும். நாளைக்கு இரண்டு காபிக்கு யாரும் பயப்பட வேண்டாம். கறுப்புக் காபிக்கு மாறி, பாலையும் விட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

பயப்பட வேண்டியது உப்புக்கு. உப்பு கூடினால் சிறுநீரகம் அதை வெளியேற்றும்போது கால்சியத்தையும் கூடவே அனுப்பிவிடும். எண்ணெய் இல்லை, கலோரி இல்லை என்று டயட்டில் ஊறுகாயை வைத்தே தயிர்சாதத்தை முடிக்கிறவர்கள், வடகம், மோர்மிளகாய், சுட்ட அப்பளம் இல்லாமல் சாப்பிடாதவர்கள், இதைக் கொஞ்சம் யோசிக்கவும். நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புதான் உச்சவரம்பு, ஊறுகாயில் இருப்பதையும் சேர்த்து.

இவ்வளவு கணக்கு எதுக்கு? ஒரு கால்சியம் மாத்திரை போட்டா முடிஞ்சுதே?

சாப்பாட்டில் வரவே வராதவர்களுக்கு மாத்திரை தேவைதான், டாக்டர் எழுதித் தந்தால் போடுங்கள். ஆனால் மாத்திரையில் கால்சியம் மட்டும்தான் வரும், ஒரு டம்ளர் பாலில் கூடவே ஆறேழு கிராம் புரதமும் வருகிறது. எடை குறைக்கும்போது அந்தப் புரதம் எவ்வளவு முக்கியம் என்று கீழே வரும்.

போடுவதாக இருந்தால்: ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் உடம்பால் ஒழுங்காக உறிஞ்ச முடியாது, இரண்டு மாத்திரை என்றால் காலை, இரவு என்று பிரியுங்கள். அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அதில் உண்மையான கால்சியம் 500. கார்பனேட் வகை சாப்பாட்டோடு. அசிடிட்டிக்கு பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் கார்பனேட் சரியாகச் சேராது, சிட்ரேட் வகை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மலச்சிக்கல் வந்தாலும் அதையே கேட்கலாம்.

காலைல தைராய்டு மாத்திரை, அப்புறம் இரும்பு, பிரஷர் எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுடலாமா?

கூடாது. தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாது, தைராய்டு டெஸ்டில் பார்க்கிற டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும், டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இரும்பு மாத்திரை ஒரு வேளை, கால்சியம் இன்னொரு வேளை. எலும்புக்கு வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் போடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில் சாதாரணத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், பாலோடு விழுங்கினால் அந்த வாரத்து மாத்திரை வீண். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதினால் பாலுக்கும் கால்சியத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். பிரஷருக்குத் தையசைடு வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற வாய்ப்பு உண்டு, ஆகவே டாக்டருக்குத் தெரியாமல் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே கிட்னில கல் வந்து போயிருக்கு. கால்சியம் எடுத்தா திரும்ப வருமே?

கல்லில் கால்சியம் இருப்பதால் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். சாப்பாட்டில் வருகிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். கால்சியத்தை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் தாராளமாக ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் வந்து கல்லாகும். அதனால் கீரை சாப்பிடும் வேளையில் தயிரும் இருப்பது நல்லதே. மாத்திரையாக, அதுவும் வெறும் வயிற்றில் போடுவதுதான் கல்லுக்கு வழி செய்யக்கூடும். தண்ணீரை நிறையக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள்.

கிட்னி செயல்பாடே குறைந்தவர்கள், கிரியேட்டினின் ஏறியவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பாலில் உள்ள பாஸ்பரஸ், கீரையில் உள்ள பொட்டாசியம், புரதம் எல்லாவற்றுக்கும் தனி அளவு உண்டு. இந்தப் பக்கத்தில் உள்ள எந்த அளவையும் அவர்கள் பின்பற்ற வேண்டாம், நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், சொல்வதுதான் கணக்கு.

வைட்டமின் டி குறைவுன்னு 60,000 சாஷே குடுத்தாங்க. தினமும் குடிக்கணுமா?

வேண்டவே வேண்டாம். 60,000 யூனிட் என்பது பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும். நாளைக்கு ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று போய்க் கிட்னி வரை பாதிக்கும். மாத்திரைப் பெட்டியில் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் சாஷேக்களை வேறு ஒருவர் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வைட்டமின் டி இல்லாமல் நீங்கள் குடித்த பாலில் உள்ள கால்சியம் சரியாக உள்ளே போகாது, அதனால் இதை விடவும் முடியாது. காலை ஆறு மணி வாக்கிங்கில் வருகிற இளவெயில் மனசுக்கு நல்லது, வைட்டமின் டிக்கு அவ்வளவாக உதவாது. 11 மணிக்கு மேல், கையும் காலும் வெயிலில் படும்படி, தோல் சிவக்கவோ மயக்கம் வரவோ விடாமல் கொஞ்ச நேரம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை. வயதான தோல் வைட்டமின் டியைக் குறைவாகத்தான் உருவாக்கும், ஆகவே பலருக்கு வெயில் மட்டும் போதாமல் மருந்தும் தேவைப்படும்.

ரத்த டெஸ்ட்ல கால்சியம் 9.4, நார்மல்னு வந்துடுச்சு. இனி கவலை இல்லையே?

முதல் பதிலை இன்னொரு தடவை பாருங்கள். ரத்தத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் உடம்பு எலும்பைக் கரைக்கிறது. அதனால் எலும்பு சல்லடையாக இருக்கிறவருக்கும் அந்த எண் அழகாக 9.4 என்று வரும். எலும்பைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் டி-ஸ்கோர் மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் தேய ஆரம்பித்திருக்கிறது, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய். லேசாகத் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தவர்கள், உயரம் குறைந்து கூன் விழுந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இந்த ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் தாங்களாகவே கேட்பது நல்லது.

எடை குறைஞ்சா எலும்பும் சேர்ந்து குறையுமாமே? அப்போ டயட்டே வேண்டாமா?

குறையும் என்பது உண்மை. உடம்பு சுமக்கிற எடை குறைந்தால் எலும்புக்குக் கிடைக்கிற அழுத்தமும் குறைகிறது, சாப்பாடும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து எலும்பையும் தசையையும் கொஞ்சம் கொண்டுபோகும். வேகமாகக் குறைத்தால் இன்னும் அதிகம். அதற்காக முட்டி தாங்காத எடையோடு இருக்கவும் முடியாது. மெதுவாக, மாதத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ போதும்.

கூடவே இரண்டு விஷயம். ஒன்று புரதம்: கிட்னி நன்றாக உள்ளவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது, 60 கிலோ என்றால் 60 கிராம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போக மீதியைப் பாலும் தயிரும் பன்னீரும்தான் நிரப்பும். இன்னொன்று தசைக்கு வேலை. நடை மட்டும் போதாது. கை வைக்காமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்வது, சுவரைத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, இந்த மாதிரி வாரத்தில் இரண்டு மூன்று நாள். எலும்பு ஏற்கெனவே தேய்ந்தவர்கள் முன்னால் குனிந்து முதுகை முறுக்குகிற பயிற்சிகளைத் தவிர்த்து, பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை காட்டிவிட்டு ஆரம்பிக்கவும்.

ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன். கால்சியத்தை எப்படிச் சமாளிக்கிறது?

இரண்டு வேளையில் 1200-ஐ அடக்குவது சிரமம், அப்படியே அடக்கினாலும் ஒரே வேளையில் நிறையப் போனால் சேருகிற விகிதம் குறையும். சாப்பாட்டைத்தான் விட்டீர்கள், அந்த நேரத்தில் ஒரு டம்ளர் பாலையாவது வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போடலாம், மிளகு போடலாம், பனங்கற்கண்டு வேண்டாம். ஏகாதசி, சஷ்டி என்று முழு நாள் விரதம் இருப்பது எப்போதோ ஒரு நாள்தான், அந்த ஒரு நாள் கணக்கு தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. சுகர் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும், பேலியோ கேள்வியில் சொன்ன மயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 82. டயட்டெல்லாம் இல்ல, தானாவே எடை குறையுது. அவங்களுக்கும் டபுள் டோன்டு பால் குடுக்கலாமா?

கூடாது. இதுவரை சொன்னது எடை குறைக்க வேண்டியவர்களுக்கு. முயற்சி இல்லாமல் எடை இறங்குகிறது என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்: தைராய்டு, சர்க்கரை, புற்றுநோய், மனச்சோர்வு, பல் செட் பொருந்தாதது, ஏதோ ஒரு மாத்திரை பசியைக் கெடுப்பது, காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

அவர்களுக்கு ஆரஞ்சு பாக்கெட் பால்தான். ஆடையோடு கொடுங்கள், பால் பவுடரும் கலக்குங்கள். ஒரேயடியாக ஒரு டம்ளர் குடிக்க மாட்டார்கள், அரை அரை டம்ளராக நாலு தடவை. தயிர்சாதத்தைக் குழைய மசித்து, தண்ணீருக்குப் பதிலாகப் பாலை விட்டுப் பிசையலாம். பன்னீரை உதிர்த்துக் கிச்சடியில் கலந்தால் மெல்ல வேண்டியதே இல்லை. கேழ்வரகைப் பாலில் காய்ச்சிக் கொடுங்கள், சுகர் இல்லையென்றால் கொஞ்சம் வெல்லமும் நெய்யும் விடலாம். குடிக்கும்போது அடிக்கடி இருமல் வந்தால் நீர்க்கக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லி விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.